எழுதித் தந்தால் மாற்றுவோம்

கண்டி நகரத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். மென்பொருள் நிறுவனம் என்று வாசலில் பலகை தொங்கியது. உள்ளே ஒன்பது பேர், பதினொரு கணினிகள், மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை. நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. சொந்த ஊர் நாவலப்பிட்டி. வேலைக்காக அம்பிட்டியவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

என் வேலையை வீட்டில் விளங்கவைப்பது கஷ்டம். மென்பொருள் கேட்டு வருகிறவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைப் போய்க் கேட்டு, அதைப் பந்தி பந்தியாக எழுதி, புரோகிராமர்களிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைப் பார்த்துத்தான் செய்வார்கள். "அப்ப நீ கம்ப்யூட்டர் வேலை செய்யலயா?" என்று அம்மா கேட்பார். "செய்யச் சொல்றதை எழுதுறேம்மா" என்பேன். அவருக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் திட்டம் ஒரு தனியார் மருத்துவமனைக்கானது. கண்டியில் தலைமை மருத்துவமனை, நாவலப்பிட்டியிலும் கலகெதரவிலும் சிறிய கிளைகள். நோயாளி வந்து பதிவதிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு போவதுவரை எல்லாம் கணினியில் நடக்க வேண்டும். மூன்று மாதம் அலைந்து நாற்பது பக்கம் எழுதினேன். மருத்துவமனையின் இயக்குநர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தார். கெட்டிக்காரர், ஓயாமல் உழைப்பவர், சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வேகமாகப் பேசுவார். கையெழுத்து வைத்த பேனாவை மூடியதும் அவருக்கு அந்த நாற்பது பக்கமும் மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரமே தொலைபேசி வரத் தொடங்கியது. எங்கள் முகாமையாளரைத்தான் அழைப்பார். "பொடி வெடக்" என்று ஆரம்பிப்பார். சிங்களத்தில் சின்ன வேலை ஒன்று என்று அர்த்தம். முகாமையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். எது கேட்டாலும் சம்மதம் சொல்லிவிட்டு என் மேசைக்கு வருவார்.

"பிள்ளை, அவருக்கு ஒரு சின்ன மாற்றம் வேணுமாம். செய்து குடுப்பம், என்ன?"

"போன கிழமை சொன்னதுக்கு இது நேர்மாறா இருக்குதுங்களே சேர்."

"ஓம், தெரியும். அதை எடுத்துப்போட்டு இதை வையும்."

நான் புரோகிராமர்களிடம் போவேன். நால்வர், என்னைவிட ஓரிரு வயது கூடவோ குறையவோ இருப்பார்கள். நேற்று மத்தியானம் முடித்ததை இன்று காலை பிரிப்பார்கள். ஒருமுறை, பதிவுப் பக்கத்தில் வயது கேட்கும் இடத்தை நான்காவது தடவையாக மாற்றச் சொன்னபோது, அவர்களில் மூத்தவள், பேராதனையில் படித்த சிங்களப் பெண், விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று மாலை கடையில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கினேன். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன மாற்றச் சொன்னார், முன்பு என்ன சொல்லியிருந்தார் என்று வரும் ஒவ்வொரு அழைப்பையும் அதில் எழுதத் தொடங்கினேன். எதற்கு எழுதுகிறேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, அவ்வளவுதான்.

பரீட்சார்த்தமாக ஒரு நாள் ஓட்டிப் பார்க்க நாவலப்பிட்டிக் கிளையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முந்திய வாரத்தில் மட்டும் வரிசையைப் பற்றி மூன்று மாற்றங்கள் வந்திருந்தன. தொலைபேசியில் முன்பதிவு செய்தவர்களை முதலில் விட வேண்டும் என்றார் இயக்குநர். இரண்டு நாள் கழித்து, பெரிய டொக்டரிடம் ஏற்கனவே காட்டியவர்கள் முதலில் என்றார். வெள்ளிக்கிழமை, வயோதிபர்கள் முதலில் என்றார். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினோம். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எங்களுக்கு நேரம் தரப்படவில்லை.

காலை ஆறு மணிக்கே ஆட்கள் வந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் இளம் தாய், காய்ச்சல் பிடித்த பிள்ளையைத் துவாயால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு நாலாம் இலக்கம். திரையில் ஒன்று, இரண்டு, பதினேழு, ஒன்பது, இருபத்திரண்டு என்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முன்பதிவுக்காரரும் ஒவ்வொரு முதியவரும் வர வர அவள் பெயர் கீழே கீழே இறங்கியது. ஒன்பதரை மணியளவில் என்னிடம் வந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. கழுத்தில் அட்டை தொங்கியதால் கேட்டிருப்பாள்.

"அக்கா, நாலு எப்பங்க வரும்? முப்பத்தொண்ணு போயிருச்சுங்களே."

பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அவள் கையைப் பிடித்து நேராக டொக்டரின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் வரிசையில் சத்தம் கிளம்பியது. சத்தம் போட்டவர்கள்மேல் குற்றமில்லை, அவர்களும் விடியற்காலையில் வந்தவர்கள்தான். அரை மணி நேரத்தில் தாதி ஒருவர் திரையை அணைத்துவிட்டு, பழையபடி துண்டுக் கடதாசியைப் பார்த்து இலக்கம் கூப்பிட ஆரம்பித்தார். கூட்டம் அடங்கியது. நாங்கள் கணினிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். என் சொந்த ஊரில், என்னைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க.

மூன்றாம் நாள் இயக்குநர் கூட்டத்துக்கு அழைத்தார். ஆட்டோவில் போகும்போது முகாமையாளர் ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். தேவைகளை எழுதிய ஆவணத்தில் குறைபாடு இருந்ததாகவும், எழுதியவர் வருந்துவதாகவும் அதில் இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கான கோடு.

"இதுல நான் கையெழுத்து வைக்க மாட்டேங்க சேர்."

"பிள்ளை, இது சும்மா ஒரு கடதாசி. அவர்ட கோபம் ஆறட்டும் எண்டுதான்."

"நான் எழுதின நாப்பது பக்கத்துல மூணு வரிசை இல்லீங்களே. ஒண்ணுதானே இருக்கு. அதுலயும் அவரோட கையெழுத்து இருக்கு."

அவர் வெளியே பார்த்தார். வாவிக்கரையில் பஸ்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

இயக்குநரின் அறையில், அவர் கேட்கும் முன்னரே நான் சீ.ஆர். கொப்பியைத் திறந்தேன். திங்கட்கிழமை பதினொரு மணி, முன்பதிவு செய்தவர் முதலில். புதன்கிழமை நாலே கால், பழைய நோயாளி முதலில். வெள்ளிக்கிழமை ஒன்பது மணி, வயோதிபர் முதலில். அதற்கு முந்திய மாதத்திலிருந்தும் சிலவற்றை வாசித்தேன்.

"இந்தப் பெண் என்மேல் பொலிஸ் வேலை பார்க்கிறாளா?" என்று இயக்குநர் ஆங்கிலத்தில் முகாமையாளரிடம் கேட்டார்.

அவருக்குப் பதிலாக நானே சொன்னேன். "மாற்றம் கேட்பது உங்கள் உரிமை, சேர். ஆனால் இனி எழுதிக் கேளுங்கள். என்ன மாற்றம், யார் கேட்பது, ஏன், அதைச் செய்ய நாங்கள் எதை விட வேண்டும் அல்லது எதைத் தள்ளிப்போட வேண்டும். நாலு கேள்வி. கீழே ஒரு கையெழுத்து. எழுதித் தந்தால் மாற்றுவோம்."

இந்தத் திட்டத்தில் என்னை இனி வைக்கக் கூடாது என்று அவர் சொன்னார். முகாமையாளர் தலையாட்டினார். அன்று பிற்பகலே எனக்கு வேறு மேசை தரப்பட்டது. ஒரு புத்தகக்கடையின் மென்பொருளுக்கு உதவிப் பக்கங்கள் எழுதும் வேலை. அவமானமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் போகும் முன் அந்த நாலு கேள்விகளை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, ஐம்பது பிரதி எடுத்து, புரோகிராமர்களின் மேசை நடுவில் வைத்துவிட்டுப் போனேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து முகாமையாளர் என் புது மேசைக்கு வந்து, பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உம்மட ஆக்கள் அந்தக் கடதாசி இல்லாமல் ஒண்டையும் தொடமாட்டினமாம். கேட்டா நாலு பேரும் ஒரே பதில் சொல்லினம். நீர்தான் சொல்லிக்குடுத்தனீரோ?"

"நான் வச்சிட்டுத்தான் வந்தேன் சேர். சொல்லிக்குடுக்கல. சொல்லிக்குடுத்திருக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். பயந்த மனிதர்தான், ஆனாலும் அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு மறுநாள் தனியாகப் போய் இயக்குநரைச் சந்தித்தார். எழுத்தில் வராவிட்டால் மென்பொருளைப் பாவனைக்குத் திறக்கும் திகதியைத் தன்னால் சொல்லவே முடியாது என்றாராம். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைத் திரும்பப் பழைய மேசைக்கு வரச் சொன்னார்கள்.

இயக்குநரிடமிருந்து வந்த முதல் கடதாசியில் ஒன்பது மாற்றங்கள் இருந்தன. நாலாவது கேள்விக்கு நேரே வெறுமை. திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவை "எதையும் விட வேண்டாம், வேகமாகச் செய்யவும்" என்று வந்தது. அதையும் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை ஆறு மாற்றங்களை அவரே வெட்டியிருந்தார். மீதி மூன்றில் ஒன்று, மென்பொருளைத் திறந்ததும் அவருடைய புகைப்படத்துடன் ஒரு வரவேற்புப் பக்கம் வர வேண்டும் என்பது. அதற்காக மாதாந்த அறிக்கை ஒன்றைத் தள்ளிப்போடலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். செய்வதாக ஒப்புக்கொண்டோம். வரிசையை வந்த ஒழுங்குக்கே திருப்பினோம். அவசர நோயாளியைத் தாதி மட்டும் முன்னால் தள்ளலாம். திறப்பதற்கு முந்திய இரண்டு வாரங்களில் எந்த மாற்றமும் ஏற்பதில்லை என்று எழுதிக் கதவில் நானே ஒட்டினேன். வெற்றி பெற்றுவிட்டதாக எனக்கு எண்ணம்.

திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு பெண் செருப்புக்கடைப் படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தார். தலைமை மருத்துவமனையின் மருந்தாளர். கலகெதரக்காரர், ஐம்பது வயதிருக்கும். முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். மருத்துவமனையில் எல்லோருமே அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. லீவு நாளில் பஸ் ஏறி வந்திருந்தார். கையில் எங்கள் கடதாசி, பென்சிலால் தமிழில் நிரப்பியது. மருந்து உறையில் ஒட்டும் லேபிள் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"இப்ப முடியாதுங்க தாத்தா. இனி மாத்தம் எடுக்கிறதில்லன்னு கதவுல போட்டிருக்கோம்."

"எழுதித் தந்தா செய்வோம்னு நீங்கதானே மகள் செல்லினீங்க. நான் எழுதித் தந்தீக்கிறேன்."

"அந்த நாள் முடிஞ்சுபோச்சு."

"லேபிள் இங்கிலீஸ்லன்னு ஒங்கட பேப்பர்ல எழுதினது யாரு?"

"நான்தான்."

"மருந்து குடுக்கிறது யாரு?"

"நீங்க."

"என்னட்ட ஒரு நாளாவது வந்து கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மூன்று மாதம் அலைந்தேன் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அந்த மூன்று மாதமும் இயக்குநரின் அறையிலும் டொக்டர்களின் அறைகளிலும் தேநீர் குடித்தபடிதான் அலைந்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலை ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை. லேபிள் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள், நானும் எழுதினேன்.

மறுநாள் காலை அந்த ஜன்னலுக்கு உட்புறம் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தாத்தா ஒவ்வொரு உறையிலும் பேனாவால் எழுதினார். தமிழ் ஆட்களுக்குக் காலை, பகல், இரவு. சிங்கள ஆட்களுக்குச் சிங்களத்தில். முன்பு ஒரு தடவை அவர் லீவில் இருந்தபோது, தோட்டத்து ஆள் ஒருவர், உறையில் இருந்த மூன்று என்ற இலக்கத்தை யாரோ வாசித்துச் சொன்னதைக் கேட்டு, சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, கொடுத்த குளிசை மூன்றையும் ஒரேயடியாக விழுங்கி மயங்கி விழுந்தாராம். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தாத்தா லீவு எடுப்பதைக் குறைத்துவிட்டார். எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. அவர் தன் குளிசைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார். மகள் மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதப் போனவள்.

இரண்டு பேருமாக இயக்குநரிடம் போனோம். அவர் கடதாசியைப் பார்க்காமலே என்னைப் பார்த்தார்.

"இரண்டு வாரத்துக்கு மாற்றமில்லை என்று ஒட்டியது நீதானே?"

"நான்தான், சேர். தேவையைப் பிழையாக எழுதியதும் நான்தான். அந்தப் பிழைக்குக் கடிதம் கேட்டால் இப்போதே கையெழுத்து வைக்கிறேன். லேபிளைத் தமிழிலும் சிங்களத்திலும் மாற்ற வேண்டும்."

"எப்படிக் குடிப்பது என்று வாயால் சொன்னால் எல்லோருக்கும் விளங்குகிறது. இத்தனை வருடம் நடக்கவில்லையா?" என்றபடி கடதாசியை வாசித்தார். நாலாவது கேள்வியில் நின்றார். எதைத் தள்ளிப்போடலாம் என்ற இடத்தில் தாத்தா, டைரக்டரின் போட்டோ வரும் பக்கம் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு பதிலின் கீழேயும் நான் அதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவர் முகம் சிவந்தது. முடியாது என்று கடதாசியைத் தள்ளினார்.

தாத்தா கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சுத்தமான சிங்களத்தில், மெதுவாகப் பேசினார். "சரி சேர். அப்படியானால் மெஷின் அடித்ததை அப்படியே கொடுக்கச் சொன்னீர்கள் என்று இதில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். திறக்கிற நாளிலிருந்து நான் பேனாவைத் தொட மாட்டேன். யாராவது கேட்டால் இந்தக் கடதாசியைக் காட்டுகிறேன்."

அவர் பேனாவை எடுத்தார். வெள்ளைத்தாளைப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, பென்சிலால் நிரப்பிய எங்கள் கடதாசியை இழுத்துக் கையெழுத்து வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெளியே வரும்போது தாத்தா அந்த வெள்ளைத்தாளை மறக்காமல் எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கையெழுத்து கிடைத்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. லேபிள் அடிக்கும் சிறிய பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. முதல் நாள் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாம் நாள் எழுத்து வந்தது, ஆனால் 'காலை' என்பதில் ஐகாரம் லகரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பேராதனைப் பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சரியான வடிவத்தை நான் பெரிதாக எழுதிக் கொடுக்க, அதைத் திரையோடு ஒட்டிவைத்து ஒவ்வொரு வளைவாக ஒப்பிட்டாள். கடைசியில் சொற்களைப் படமாக மாற்றி அனுப்பினாள். ஐந்தாம் நாள் பத்து மணிக்கு, "காலை 1, பகல் 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று ஒரு துண்டு பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. அவள் என்னிடம் நீட்டி, "ஹரித?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். நால்வரும் கை தட்டினார்கள்.

சொன்ன திகதியில் திறந்தோம். இயக்குநர் தன் உரையில், தமிழிலும் சிங்களத்திலும் லேபிள் கொடுப்பது தன்னுடைய நீண்டகால எண்ணம் என்றார். தாத்தா ஜன்னலுக்குப் பின்னால் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், அவர் காதில் அது விழுந்ததோ என்னவோ. புகைப்படப் பக்கத்தை இரண்டு மாதம் கழித்து, எழுதிய திகதியில், ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுத்தோம். அவர் கேட்டது அவருக்குக் கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

வருட முடிவில் ஊழியர் மதிப்பீட்டுத் தாள் வந்தது. முகாமையாளர்தான் நிரப்பியிருந்தார். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. ஒரு வரி மட்டும், வாடிக்கையாளரின் மாற்றங்களுக்கு இணங்கிப் போவதில்லை என்று இருந்தது.

"இதைத் திருத்துங்க சேர், கையெழுத்து வைக்கிறேன்."

"பிள்ளை, ஆஸ்பத்திரியில இருந்து அப்பிடித்தான் எழுதச் சொன்னவை. நான் என்ன செய்யிறது?"

"எழுத்துல சொன்னாங்களா?"

அவர் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது கையெழுத்தில்லாமலே என் கோப்பில் போடப்பட்டது. நான் அந்த நிறுவனத்தில் இன்னும் நாலு வருடம் வேலை செய்தேன். ஒவ்வொரு புதுத் திட்டத்திலும் முதல் வாரத்தை, அந்த மென்பொருளைக் கையால் தொடப்போகிற ஆளின் பக்கத்திலேயே உட்கார்ந்து கழித்தேன். தேநீர் கொடுக்கும் அறைகளுக்கு அதற்குப் பிறகுதான் போனேன்.